வெள்ளை அடிச்சுட்டுச் சொல்றமுங்க

மாரக்காளுக்கு ஒருத்தரையும் மூஞ்சிக்கு நேரே இல்லை என்று சொல்லி அனுப்பத் தெரியாது. அவள் ஊரில் யாருக்குமே தெரியாது. அவிநாசிபாளையத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. பெண் கேட்டுப் போனாலும், வாய்க்கால் தண்ணீர் கேட்டுப் போனாலும் உட்கார வைத்து, மோர் கொடுத்து, சாமி என்றும் கண்ணு என்றும் கூப்பிட்டு, கடைசியில் "பாக்கலாமுங்க" என்பார்கள். வெளியூர்க்காரன் சந்தோஷமாக எழுந்து போவான். அத்தோடு காரியம் முடிந்தது என்பது உள்ளூர்ப் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என்ன மரியாதையோ அது, போங்கள்.

அந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பருத்தியும் சோளமும் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் பனியன் கம்பெனி முதலாளிகள் ஆகியிருந்த காலம். ஊருக்கு நல்லது செய்யலாம் என்று பத்துப் பேர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் தொடங்கினார்கள். பிரசவ ரூம், ஸ்கேன் மிஷின், ஜெனரேட்டர் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. வாசலில் பளிங்குக் கல் பதித்து, கொடுத்தவர்கள் பேரையெல்லாம் வெட்டி வைத்தார்கள். முதல் பேர் மாரக்காளின் புருஷன் மணியன். நிட்டிங் கம்பெனி வைத்திருந்தார், டிரஸ்டுக்குத் தலைவரும் அவர்தான். இத்தனையும் செய்த மகராசர்கள் டாக்டர் குடியிருக்க ஒரு வீடு கட்ட மறந்துவிட்டார்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான்.

அதனால் டாக்டர் யாரும் நிற்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் முதலில் தினமும் காரில் வந்தார், பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்தார், பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மெட்ராஸிலிருந்து புருஷன் பெண்டாட்டியாக இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். பிள்ளையைச் சேர்க்க நல்ல ஸ்கூல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பதில் தெரிந்ததும் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். "விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க. நமக்கு டாக்டரே மூணு நாளைக்குத்தானுங்க" என்று பொன்னுச்சாமி கேலி பேசினார். பொன்னுச்சாமி மணியனுக்குப் பங்காளி, டிரஸ்டுக்குச் செயலாளர், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர்.

அப்புறம்தான் நாகஜோதி வந்தாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவளுடைய அண்ணன் பெரியகருப்பன் திருப்பூரை ஒட்டின நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு கம்பெனியில் டெய்லர். தங்கச்சியைப் படிக்க வைத்ததே அவன்தான். அவனுடைய லைன் வீட்டில் தங்கிக்கொண்டு, டவுன் பஸ் ஒன்று, தாராபுரம் பஸ் ஒன்று என்று மாறி மாறி ஏறி வந்து போனாள். வரிசையாகப் பத்துக் குடும்பம் குடியிருக்கிற லைன் வீட்டுக்கு ஒரே கக்கூஸ், என்றைக்கோ வருகிற தண்ணீர். அங்கேயிருந்து கிளம்பி வருகிற பெண் ஒரு நாளும் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. வந்த இரண்டே மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு விட இடமில்லை.

மாரக்காளே அவளிடம்தான் முட்டி வலிக்குக் காட்டினாள். "வேலைக்காரிய வச்சுட்டு எதுக்கும்மா அவ்வளவு பெரிய வாசல நீங்களே கூட்டுறீக?" என்று கேட்டுக்கொண்டே காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள் அந்தப் பெண். பெற்ற மகள்கூட அப்படித் தொட்டதில்லை. மாரக்காளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் இங்கேயே இருந்துவிட்டால் போதும், ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் பொய் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருக்குள் ஒரு வீடு கிடைத்தால் இங்கேயே குடிவந்துவிடுவேன், ராத்திரி பகல் எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்று நாகஜோதி டிரஸ்டில் கேட்டாள். பொன்னுச்சாமி மிகவும் பணிவாக, "அது செரீங்க. நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரித்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒருத்தர் முகமும் மாறவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஊரில் காலியாகக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் ஒரு வியாதி வந்துவிட்டது. ஒருத்தர் வீட்டுக்குப் பையன் குடிவரப் போகிறானாம். இன்னொருத்தர் வீட்டுப் போர்க்குழாயில் தண்ணீர் வற்றிப்போயிற்றாம்.

மாரக்காள் வீட்டு மாடியும் காலியாகத்தான் கிடந்தது. மகனுக்கென்று கட்டியது. அவன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாகஜோதி நேரே வந்து கேட்டாள். மணியன் உள்ளே போய்ப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் நூறு பேரை விரட்டி வேலை வாங்குகிற மனிதர், இந்த மாதிரி காரியத்தையெல்லாம் பெண்டாட்டி தலையில் கட்டிவிடுவார்.

மாரக்காளுக்குத் தருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கூடவே பங்காளிகள் முகமும் வந்தது, நாளைக்கு ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்தால் என்ன பேசுவார்கள் என்பதும் வந்தது. "வெள்ளை அடிக்காமக் கெடக்குதுங்க கண்ணு. வெள்ளை அடிச்சுட்டுச் சொல்றமுங்க" என்றாள்.

நாகஜோதி நம்பிவிட்டாள். அவளும் இதெல்லாம் பார்க்காதவள் இல்லை. ஆனால் அவள் ஊர்ப் பக்கத்தில் கொடுக்க இஷ்டமில்லாதவன் உனக்கு வீடு கிடையாது என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவான். மோர் கொடுத்து, கண்ணு என்று கூப்பிட்டு, தலையைத் தடவி ஒருத்தி வீடு இல்லை என்று சொல்லுவாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? "சரிம்மா, அடிச்சுட்டுச் சொல்லுங்க. அவசரமில்ல" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அது முதல் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். "அம்மா, வெள்ளையடிச்சாச்சா?" மாரக்காளும் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்லுவாள். ஆள் கிடைக்கவில்லை. மழை முடியட்டும். மார்கழியில் வேண்டாம். பொங்கலுக்கு அடிப்போம். மாரக்காள் கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள். முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டாள். பொய் சொல்லுவதைவிட வலி தேவலாம்போல இருந்தது.

மாசியில் மகள் இந்துமதி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். சோமனூரில் தறிக்காரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை தரணீதரன் தங்கமான பையன். கட்டுச்சோத்து விருந்து அங்கே விமரிசையாக நடந்து, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய கரு. மாரக்காள் போகாத கோயில் இல்லை, இருக்காத விரதம் இல்லை. இந்துமதி ஏற்கனவே இரண்டு தடவை வந்தபோது நாகஜோதியிடம் காட்டியிருந்தாள். பிரசவம் பார்த்தால் இந்த டாக்டர்தான், இல்லையென்றால் நான் சோமனூருக்கே போய்விடுகிறேன் என்று அடம் பிடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாகஜோதியே வீட்டுக்கு வந்தாள். இந்துமதிக்குக் காலில் வீக்கம் கண்டிருந்தது. மாரக்காள் பின்கட்டில் இருந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டு முன்னால் வருவதற்குள் இரண்டு பேரும் மாடிப்படி ஏறியாயிற்று. மேலே காற்று வருகிறது என்று இந்துமதி அங்கேதான் படுத்துக்கொண்டிருந்தாள். மாரக்காள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியிலேயே மகளுடைய குரல் கேட்டது.

"எங்கண்ணனுக்குன்னு கட்டுனதுங்க டாக்டர். குடியே வரலீங்க. போன வருசம் தீவாளிக்குத்தானுங்க பூராத்துக்கும் பெயிண்ட் அடிச்சாங்க. இந்த நீலம் நாந்தான் சொன்னது. நல்லாருக்குதுங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் நாகஜோதி.

மாரக்காள் மேலே போனபோது நாகஜோதி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாளும் அடுப்பு ஏற்றாத மேடை. கைகழுவக் குழாயைத் திறந்தவள், தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை இறுக்கி மூடினாள். ஒரு சொட்டு வீணாகாமல் மூடினாள். திரும்பி மாரக்காளைப் பார்த்தாள். "பிரசர் கொஞ்சம் கூட இருக்கும்மா. உப்பைக் குறைங்க. தலைவலிச்சாலோ, கண்ணு மங்குனாலோ ஒரு நிமிசம் வீட்ல வச்சிருக்காதீக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் மாரக்காளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரமே சேதி வந்துவிட்டது. நாகஜோதிக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்து, தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆர்டர் வந்து பல நாள் ஆகிறதாம். இந்த ஊரை விட மனசில்லாமல், சேருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாளாம். இப்போது சேரப்போகிறாளாம். ஆஸ்பத்திரி நர்ஸ் அபிராமிதான் வந்து சொன்னாள்.

மணியன் கையைப் பிசைந்தார். "ஏம்புள்ள, நீ போயி ஒரு வார்த்தை சொல்லு. உம்பேர்ல அதுக்குப் பிரியம்" என்றார்.

"என்னன்னுங்க சொல்றது?"

"இந்து பிரசவம் முடியற வரைக்குமாச்சும் இருக்கச் சொல்லு. கார் அனுப்பலாம். மூணு வேளைச் சோறும் நம்மூட்ல இருந்து போகட்டும்."

"ஊடு?"

மணியன் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மாரக்காள் போனாள். வழியெல்லாம் ஒரே முடிவாக இருந்தாள். யார் என்ன சொன்னாலும் சரி, சாவியைக் கொடுத்துவிடுவது, நாளைக்கே பால் காய்ச்சச் சொல்லிவிடுவது. சாவி இடுப்பில்தான் இருந்தது. ஆனால் விதி பாருங்கள், டாக்டர் அறையில் பொன்னுச்சாமி காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க. டாக்டரம்மா போறாங்களாமா, சொல்லி நிறுத்துங்க" என்றார்.

மாரக்காள் சொன்னாள். கார் வரும் என்றாள். சாப்பாடு வரும் என்றாள். பகலில் படுத்து எழுந்திரிக்க ஆஸ்பத்திரியிலேயே ஒரு ரூமை ஒழித்துத் தரலாம் என்றாள். "எம்பொண்ணு நாலு வருசம் தவமிருந்து சுமக்கறாளுங்க கண்ணு. அவளுக்கு உங்கள உட்டா ஆருமே ஆகாதுங்க. பிரசவம் வரைக்குமாச்சும் இருங்க சாமி" என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நாகஜோதி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, இன்னும் ஏதோ ஒன்று வரும் என்பதுபோல மாரக்காள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரே வார்த்தைக்குத்தான் அவள் காத்திருக்கிறாள் என்று மாரக்காளுக்குத் தெரியும். பொன்னுச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். மாரக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவி இடுப்பிலேயே இருந்தது.

"பாக்கலாமுங்க" என்றாள் நாகஜோதி.

பரமக்குடிக்காரி அதை இந்த ஊர்க்காரி மாதிரியே, அதே இழுப்போடு, அதே சிரிப்போடு சொன்னாள். ஒன்றரை வருஷத்தில் அந்த ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது. பொன்னுச்சாமிகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் போன பிறகு இந்துமதியைத் திருப்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டினார்கள். அங்கே வருகிற வியாழக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் இந்துமதி தலை வலிக்கிறது என்றாள். தலைக்கு ஊற்றினது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மாரக்காள் காபி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்க நீட்டின கை வெட்டியிழுத்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது.

காரில் போட்டு முதலில் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார்கள். விளக்கு எரிந்தது, கட்டில் இருந்தது, மருந்துகூட அலமாரியில் இருந்தது. அபிராமி ஓடி வந்து ஆக்சிஜன் வைத்தாள், நரம்பில் ஊசி ஏற்றி வைத்தாள். அதற்கு மேல் அலமாரியைத் தொடாமல் நின்றுவிட்டாள். "எந்த மருந்துன்னு தெரியும்மா. டாக்டர் இல்லாம அத நான் போட்டு ஏதாவது ஆச்சுன்னா? என்னால முடியாதும்மா. கூட்டிட்டுப் போயிருங்க" என்று அவளும் அழுதாள்.

மணியன் திருப்பூர் என்றார், இல்லை கோயம்புத்தூருக்கே போய்விடலாம் என்றார். அந்த நேரத்துக்குத் திருப்பூர் ரோடு முழுக்கக் கம்பெனி வேன்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். மாரக்காள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனை அதட்டினாள். "தாராபுரத்துக்குத் திருப்புங்க. நாகஜோதிகிட்டப் போங்க." வழியில் இந்துமதிக்கு இன்னொரு தடவை இழுத்தது. சீட்டெல்லாம் ரத்தமாயிற்று. மாரக்காள் மகளுடைய தலையை மடியில் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாகஜோதி வாசலுக்கே ஓடி வந்தாள். ஸ்ட்ரெச்சரை அவளே தள்ளினாள். பழசை நினைத்து அவள் ஒரு கணம் தயங்கியிருந்தாலும் மாரக்காள் கண்டுபிடித்திருப்பாள். தயங்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

வெளியில் வந்தபோது அவளுடைய பச்சை அங்கி நனைந்திருந்தது. தரணீதரன் அதற்குள் சோமனூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தான். இந்துமதி பிழைத்துவிட்டாள் என்றாள். பையன். வயிற்றுக்குள்ளேயே நஞ்சுக்கொடி கழன்றுவிட்டதால் வெளியே எடுக்கும்போதே உயிரில்லை என்றாள். தரணீதரன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மணியன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

மாரக்காள் அழவில்லை. நாகஜோதியின் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, எனக்கு ஒண்ணு சொல்லீருங்க. நீங்க மேல மாடீல குடியிருந்திருந்தா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. போயி மகளப் பாருங்க."

"சொல்லுங்க சாமி. மழுப்பாமச் சொல்லுங்க."

நாகஜோதியின் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "தலைவலின்னதும் நீங்க மேல பாத்து ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் இறங்கி வந்திருப்பேன்ம்மா" என்றாள். "அனேகமா ரெண்டு உசுரும் பொழச்சிருக்கும்." அந்த ஊரில் யாரும் யாருக்கும் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. மாரக்காள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் இந்துமதிக்கு நினைவு திரும்பியது. வலிப்பு வந்தது, கார் ஏறினது, தாராபுரம் வந்தது ஒன்றும் அவளுக்கு ஞாபகமில்லை. நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்ததும் கால்மாட்டில் நாகஜோதி நின்றுகொண்டு நாடி பார்ப்பதைக் கண்டாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"டாக்டரம்மா, நீங்க நம்மூருக்கே வந்துட்டீங்களா" என்றாள் குழறிக்கொண்டே. அம்மாவைத் தேடிக் கையை நீட்டினாள். "பாரும்மா, நா சொன்னனல்லோ. இவீங்க வந்துருவாங்கன்னு எனக்குத் தெரியும். மாடீலதான குடியிருக்கறாங்க?"

நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"கொழந்த எங்கீம்மா?" என்று கேட்டாள் இந்துமதி. "தூங்குதா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ இனிப்பான பதில் சொல்லி அனுப்பிய வாய் மாரக்காளுடையது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா சொல்லட்டும் என்று சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.